ஏழாவது ஃபாரம்

புத்தகப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். வாழ்த்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வாழ்த்து எனக்கு வராது. நம் நாளிதழின் திருப்பூர் பதிப்பு ஞாயிறு இணைப்பில் அந்தப் பக்கத்தை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அந்த இருபத்தாறு வருடத்தில் நான் செய்த மிகப் பெரிய தப்பைச் சொல்கிறேன். வாழ்த்தைவிட அது உங்களுக்கு அதிக நாள் உதவும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தப்பு சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. அணிந்துரையில் பாதி, பின்னட்டையில் பாதி எடுத்துக் கலக்கி மதிப்புரை எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். இன்னும் ஆறு மாதத்தில் உங்களுக்கும் தெரிந்துவிடும். நானூறு பக்க நாவலை அறுபது நொடி வீடியோவில் முடித்து அனுப்பிவைக்கிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிக்கிறவர்களால்தான் முடியும். நான் அப்படித்தான் படித்தேன். சரியாக அங்கேதான் சறுக்கினேன்.

அந்த நாவலுக்கு வெளியீட்டு விழாகூட நடக்கவில்லை. நம் ஊரில் விழா என்றால் முதல் பிரதி வாங்கிக்கொள்ள ஓர் ஏற்றுமதியாளர் வேண்டும், வாழ்த்திப் பேச ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் அதை நல்ல விழா என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த நாவலை எழுதிய வசந்தாமணிக்கு ஏற்றுமதியாளர்களைத் தெரியாது. அவர்களுடைய கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர் அவர். தைத்து வரும் பனியன்களை விளக்குக்குக் கீழே விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ எங்கே இருக்கிறதோ அங்கே சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவது அவருடைய வேலை. ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் நடக்கும் சிறிய பதிப்பகம் அவருடைய முதல் நாவலைப் போட்டு, மதிப்புரைக்கு வழக்கம்போல இரண்டு பிரதி அனுப்பியிருந்தது. நாவலின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்கள் வேலைதான்.

குண்டடம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வரும் அக்கா, தங்கை இருவரின் கதை அது. ஒரே கம்பெனியில் ஒரே செக்கிங் மேசையில் எதிரும் புதிருமாக நின்று வேலை பார்க்கிறார்கள். சரக்கு கப்பலேற வேண்டிய நாள் நெருங்குகிறது. மேற்பார்வையாளர் கத்துகிறார். தொண்ணூற்றாறாம் பக்கம் இப்படி முடிகிறது: "அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு". எதிரே தொண்ணூற்றேழாம் பக்கத்தின் முதல் வரி: "நாள்தோறும் கொம்பின் அடியைத் துடைத்துவிட வேண்டும்."

அதன்பிறகு பதினாறு பக்கத்துக்கு மனிதர்களே இல்லை. காங்கேயம் மாடுகள் மட்டும்தான். பல்லைப் பார்த்து வயது சொல்வது, திமிலைப் பார்த்துக் காளை தேர்ந்தெடுப்பது, சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் பால் கறப்பதை நிறுத்திவிடுவது. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் கம்பெனி வருகிறது. அக்கா வேலையில் இல்லை. தங்கை மேசைக்கு முன்னால் தனியாக நிற்கிறாள். என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முதலில் குழம்பினேன், பிறகு அசந்துபோனேன் என்பதுதான் உண்மை. ஒரே வாக்கியத்துக்குள் கம்பெனியும் தோட்டமும் சந்திக்கின்றன, முக்கியமான சம்பவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு அந்த இடத்தில் ஊரின் நினைவை வைத்திருக்கிறார், என்னவொரு துணிச்சல் என்று நினைத்தேன். பால் கறப்பதை நிறுத்தும் வரியில் பெண்ணின் ஓய்வு பற்றிய உருவகம்கூட எனக்குக் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் நான் சிறுமியாக இருந்தபோது காங்கேயம் மாடுகள் நின்றன. அதனால் அந்தப் பக்கங்களில் மாட்டைப் பற்றி ஒரு பிழைகூட இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதையும் எழுதினேன். மதிப்புரையில் பாதி அந்தப் பதினாறு பக்கத்தைப் பற்றித்தான்.

எழுதுவதற்கு முன் வசந்தாமணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதிப்பகத்தின் எண் என்னிடம் இருந்தது. ஆனால் மதிப்புரை வரும்வரை எழுத்தாளரோடு பேசுவதில்லை என்பது என் வழக்கம். நடுநிலை என்று அதற்குப் பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன்கள் வரத் தொடங்கின. அதில் ஒரு போன் முக்கியமானது. அந்த வருடத்தின் சிறந்த முதல் நாவலுக்குப் பரிசு தரும் அமைப்பொன்றின் நடுவர் குழுவில் இருந்த பேராசிரியர் பேசினார். வசந்தாமணியின் நாவல் கடைசிச் சுற்றில் இருந்தது. அடுத்த ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை முடிவெடுக்கப் போகிறார்கள். "எனக்கும் முதலில் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. உங்கள் கட்டுரையைப் படித்த பிறகுதான் விளங்கியது. அந்த மாட்டு அத்தியாயத்துக்காகவே கொடுக்கலாம்" என்றார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை வசந்தாமணி அலுவலகத்துக்கு வந்தார். கம்பெனியில் அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவரிலிருந்து என் மதிப்புரையின் நறுக்கை எடுத்து மேசைமேல் விரித்தார். அதில் பதினோரு இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது.

"ரொம்ப நன்றிங்க மேடம். இவ்வளவு பெருசா எழுதுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. ஆனா நீங்க பாராட்டுனது என்னோட புஸ்தகத்தை இல்லீங்க" என்றார்.

அச்சு வேலை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதை ஃபாரம் என்பார்கள். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித்தான் புத்தகமாகத் தைப்பார்கள். அதே அச்சகத்தில் அதே வாரம் மாடு வளர்ப்புக் கையேடு ஒன்றும் ஓடியிருக்கிறது. அதே அளவு, அதே தாள், அதே எழுத்துரு. பைண்டிங் மேசையில் ஏழாவது ஃபாரம் மட்டும் இடம் மாறிவிட்டது. பக்க எண்கள்கூடக் கச்சிதமாகப் பொருந்தின. மாறிப்போனது முதல் கட்டில் இருந்த அறுபது பிரதிகளில்தான். ஆனால் மதிப்புரைக்கும் பரிசுக்கும் போனது அந்த முதல் கட்டு.

"யார் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"காங்கேயத்துல ஒரு தோட்டத்துக்காரருங்க. கையேடு வாங்கி மூணாம் நாளே அச்சகத்துக்குப் போன் பண்ணிருக்காருங்க. மாட்டுக்கு என்ன தீனி வெக்கறதுன்னு பார்த்தா நடுவுல ரெண்டு பொம்பளைங்க பனியனைப் பார்த்துட்டு இருக்காங்களேன்னு கேட்டாராமுங்க."

மாடு வளர்க்கிறவருக்கு மூன்று நாளில் தெரிந்தது, இத்தனை வருடம் புத்தகம் படித்தவளுக்குத் தெரியவில்லை. இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. சமாளிக்கிற புத்தி இருக்கிறதே, அது சும்மா இருக்காது. "இருந்தாலும் உங்க ஊர்ல மாடுகளைப் பார்த்து வளர்ந்திருப்பீங்க இல்லையா, நாவலோட உணர்வுக்கு அது..." என்று ஏதோ இழுத்தேன்.

அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "எங்கூட்டுல மாடே இருந்ததில்லீங்க. மாடெல்லாம் தோட்டத்துக்காரங்களோடதுங்க. நாங்க அதுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டவங்க."

அந்தப் பதினாறு பக்கத்தில் நான் படித்தது அவருடைய ஊரை அல்ல, என் சிறுவயதை. கிராமத்திலிருந்து வந்த பெண் என்றால் மாட்டை நினைத்து ஏங்குவாள் என்று நானே முடிவு செய்து, அந்த ஏக்கத்துக்குப் பாராட்டும் எழுதியிருக்கிறேன்.

அவர் கவரிலிருந்து சரியான பிரதி ஒன்றை எடுத்து, தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். "இதைப் படிங்க மேடம். நான் இருக்கறேன்" என்றார். டீ வந்தது. நான் படித்தேன்.

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கிறாள். அதிலும் அதே இடத்தில் தையல் விட்டிருக்கிறது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போகிறாள். இன்றைக்குச் சரக்கு போயாக வேண்டும், பார்க்காதமாதிரி விடு என்கிறார் மேற்பார்வையாளர். அக்கா விடவில்லை. அவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மேற்பார்வையாளர் தங்கையின் பக்கம் திரும்பி, நீ உரி என்கிறார். தங்கை உரிக்கிறாள். அக்கா ஒட்டிய அத்தனை அம்புக்குறியையும் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துத் தள்ளுகிறாள். வேலை அவளுக்கு நிலைக்கிறது. பதினாறு பக்கமும் இதுதான். அலங்காரம் ஒன்றும் கிடையாது. படித்து முடித்தபோது என் டீ ஆறிப்போயிருந்தது, என் கண் கலங்கியிருந்தது.

"இது நடந்ததா?"

"நடந்ததுங்க. எங்க அக்காதானுங்க. ஊருக்குப் போனவ திரும்பி வரவே இல்லீங்க. பதினஞ்சு வருசமா நாங்க வேற எல்லாம் பேசுவோம், இதை மட்டும் பேசறதில்லீங்க. இதைச் சொல்லத்தானுங்க நான் இந்தப் புஸ்தகத்தையே எழுதுனேன். அதை எடுத்துட்டு மாட்டை வெச்சுட்டாங்க."

இப்போது உங்களுக்கு நிலைமை விளங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நான் திருத்தம் போட்டால், மறுநாள் கூடும் நடுவர்கள் தாங்கள் எதற்குத் தலையாட்டினோம் என்று தெரிந்து சங்கடப்படுவார்கள். சங்கடப்பட்ட நடுவர்கள் பரிசு கொடுப்பது அபூர்வம். திருத்தம் போடாமல் ஒரு வாரம் தள்ளினால் பரிசு அநேகமாக அவருக்குத்தான்.

புதன்கிழமை பதிப்பாளர் போன் செய்தார். நல்ல மனிதர், நடுங்கிக்கொண்டிருந்தார். "அக்கா, ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கங்க. பரிசு அறிவிச்சுடட்டும். ரெண்டாம் பதிப்புல எல்லாத்தையும் சரி பண்ணிப்போடறேன். ஆருக்கும் நட்டமில்லீங்களே" என்றார். எங்கள் பொறுப்பாசிரியர் இன்னும் நயமாக ஒரு வழி சொன்னார். சில பிரதிகளில் பைண்டிங் பிழை நேர்ந்திருப்பதாகப் பதிப்பகம் தெரிவிக்கிறது என்று கடைசிப் பத்தியின் அடியில் இரண்டு வரி. அதில் பொய் இல்லை. என் பெயரும் இல்லை. இரண்டு பேரும் எனக்கு நல்லதுதான் நினைத்தார்கள், அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது.

என் மானம் போவதைப் பற்றி நான் பெரிதாக யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். யோசித்தேன். ஆனால் அதைவிட ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. நான் யோக்கியமாக நடந்துகொள்வதற்கு இன்னொருத்தருடைய பரிசைச் செலவு செய்யலாமா? இந்த இடத்தில் நான் செய்த ஒரே ஒரு காரியத்துக்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. வசந்தாமணிக்குப் போன் செய்து, நிலைமையை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பின்னால் கம்பெனியின் மிஷின் சத்தம் கேட்டது.

"பரிசு வந்தா சந்தோசந்தானுங்க மேடம். வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆளில்லீங்க" என்றார். உடனே தொடர்ந்தார்: "ஆனா மாட்டுக்குக் குடுக்கற பரிசை வாங்கிட்டுப் போயி எங்க அக்கா மூஞ்சில எப்படீங்க முழிக்கறது? ஒட்டுனது ஒட்டுனதாவே இருக்கட்டுங்க. நீங்களும் உரிச்சுப்போடாதீங்க."

அதற்குமேல் எனக்கு யோசனை தேவைப்படவில்லை. அன்று மாலையே பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர், "இதை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். எந்தப் பக்கத்துக்காகப் பரிசு கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். சரியான பிரதிகளைப் பதிப்பாளர் மறுநாளே நடுவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போனது. முந்தைய வாரம் எடுத்துக்கொண்ட அதே இடம், அதே அளவு. சென்ற வாரம் நான் வியந்து எழுதிய பதினாறு பக்கங்கள் ஒரு மாடு வளர்ப்புக் கையேட்டைச் சேர்ந்தவை; எனக்குக் குழப்பமாக இருந்தது, குழப்பம் என்று எழுதக் கூச்சப்பட்டு மேதைமை என்று எழுதிவிட்டேன் என்று முதல் பத்தியிலேயே போட்டேன். மீதி இடத்தில் உண்மையான ஏழாவது ஃபாரத்தைப் பற்றி எழுதினேன். பொறுப்பாசிரியர் முதல் பத்தியை இரண்டு முறை படித்தார். "நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஊரே சிரித்தது. வாட்ஸப் குழுக்களில் என் படத்தைக் காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் ஒட்டிச் சுற்றவிட்டார்கள். படம் நன்றாகவே இருந்தது, சேமித்து வைத்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்தவர், அடுத்து மாட்டு அத்தியாயம் புகழ் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். பரிசு வேறொரு நாவலுக்குப் போனது. நல்ல நாவல்தான், அதற்கும் நானே மதிப்புரை எழுதினேன், ஃபாரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு.

பரிசு போனது எனக்கு வலித்தது. வாங்கியிருக்க வேண்டியவர் அவர். முதல் தடவையே எனக்குக் குழப்பம் வந்தபோது போனை எடுத்துக் கேட்டிருந்தால், நடுவர்களின் கைக்குச் சரியான பிரதி சங்கடமில்லாமல் போயிருக்கும். அந்தப் பொறுப்பு என்னுடையது, பைண்டருடையது அல்ல. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: குழம்பினால் குழம்பினேன் என்று எழுதுங்கள், அதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள். நடுநிலை அதனால் கெட்டுப்போகாது.

ஒரு மாதம் கழித்து வசந்தாமணி மறுபடியும் வந்தார், ஷிஃப்டுக்குப் போகிற வழியில். உட்காரவில்லை. பதினாறு பக்கத்தையும் போனில் படமெடுத்துக் கம்பெனிப் பெண்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருப்பதாகவும், பக்கத்துக் கம்பெனிகளிலிருந்தெல்லாம் ஆள் வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த நிமிர்வை நான் எந்தப் பரிசு விழா மேடையிலும் பார்த்ததில்லை.

"அக்கா படிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சுதுங்க. போன் பண்ணுச்சுங்க. நீ உரிச்சது எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள, ராத்திரி சோறு உங்கறப்ப உன்ற நகத்துல பசை இருந்துச்சேன்னுச்சுங்க." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பதினஞ்சு வருசம் தெரிஞ்சே பேசாம இருந்திருக்குதுங்க மேடம்."

என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். என் இரண்டாவது மதிப்புரையின் நறுக்கு. "இதுல ஒண்ணே ஒண்ணுதானுங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனார்.

விரித்துப் பார்த்தேன். சிவப்பு அம்புக்குறி ஒன்று, கடைசிப் பத்தியில். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒருவரால் இப்படி எழுத முடிந்திருப்பது வியப்பளிக்கிறது என்று நான் எழுதியிருந்த வரியில், வியப்பளிக்கிறது என்ற சொல்லுக்கு நேராக ஒட்டியிருந்தார். எழுதியபோது அது பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெறும் நாளில் மேசையைக் காலி செய்தேன், அந்த நறுக்கை மட்டும் எடுக்கவில்லை. நீங்கள் உட்காரும் மேசையின் கண்ணாடிக்கு அடியில், இடது ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைக்க எடுக்கும்போது கவனமாக எடுங்கள். ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள்.